ஆயிரத்து அறுநூறு வாக்கியம்

லிப்ட்காரரின் மனைவிக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாகப் போயிருந்தால் அழுது தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். இது அப்படிப் போகவில்லை. தினம் கொஞ்சம் போயிற்று. முதலில் ‘ர’ குழைந்தது. பிறகு ‘ழ’ காணாமல் போனது, அதை யாரும் கவனிக்கவில்லை, நம்மில் பாதிப் பேருக்கு அது இருந்தால்தானே. ‘க’வும் தொண்டையில் சிக்கத் தொடங்கியபோதுதான் டாக்டரிடம் போனார்கள். நரம்பு நோய், மருந்து கிடையாது என்றார் டாக்டர். இன்னும் ஆறு மாதம் பேச முடியும், அதற்குப் பிறகு மெல்லக் கைகளும் போகும் என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் இருபத்திரண்டு வருஷம் டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவள் டீச்சர். அவளிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் அங்கே ஒருவர்கூடக் கிடையாது. “கண்ணாடி எதுக்கு இருக்கு, முகம் பாக்கவா?” என்று அவள் கேட்டால் பின்னால் வரும் பஸ்ஸே பிரேக் போடும் என்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். லிப்ட்காரர் முப்பது வருஷமாக அந்தக் குரலில் எழுந்து, அந்தக் குரலில் சாப்பிட்டு, அந்தக் குரலில் திட்டு வாங்கித் தூங்கியவர். அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வழி ஒன்று இருக்கிறது என்று சொன்னவர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள். குரல் இருக்கும்போதே ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைக் கம்ப்யூட்டர் மைக்கில் படித்துப் பதிவு செய்துவிட வேண்டும். அதை வைத்து ஒரு சாப்ட்வேர் அவள் குரலையே உண்டாக்கிவிடும். பிறகு டைப் அடித்தால் போதும், எழுதியதை அவள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். ஒரே ஒரு சிக்கல். பதிவு செய்வதை வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். குரலைச் செய்யும் வேலை மட்டும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் நடக்கும். ஆகவே முதலில் பதிவு, அப்புறம் கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்வது, அதற்கப்புறம் குரல்.

“பதிவு பண்றத அன்னன்னைக்கு எங்க சர்வருக்கு அனுப்பிடுங்களேன், பத்திரமா இருக்கும்” என்றார் பயிற்சி அம்மாள்.

டீச்சர் தலையாட்டி மறுத்தாள். “வேண்டாம்மா. குரலத் திருடி, நம்மள மாதிரியே பேசி ஊர ஏமாத்தறாங்களாம், பேப்பர்ல போடறான். என் குரல் என் வீட்லயே இருக்கட்டும்.”

அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

கம்ப்யூட்டரைப் பார்க்க, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெண் வந்தாள். நாற்பது வயது, கையில் எப்போதும் ஒரு திருப்புளி, பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டி, ஆன்டிவைரஸ் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எழுந்தாள்.

“அண்ணே, நல்லா கேட்டுக்கங்க. இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட் வராது. பதிவு முடியற வரைக்கும் ஓட்டலாம், அதுக்கு மேல வேணாம். ஆன்டிவைரஸத் தினம் காலைல அப்டேட் பண்ணுங்க. என்ன ஆனாலும் அத நிறுத்தாதீங்க. தெரியாத மெயில், தெரியாத பக்கம் எதையும் தொடாதீங்க. பதிவு பண்றத தினமும் இந்த ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க. எடுத்து முடிச்சதும் டிஸ்க்கப் பிடுங்கி பீரோல வச்சிடுங்க. கடைசியாச் சொன்னதுதான் முக்கியம்.”

லிப்ட்காரர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அவருக்கு எழுதி ஒட்டினால்தான் நிம்மதி. முப்பத்தொரு வருஷம் லிப்ட் பராமரிப்பு பார்த்தவர். கரணம் தப்பினால் மரணம் என்கிற தொழில். அவர் பொறுப்பிலிருந்த கட்டடங்களில் ஒருவருக்கு விரல்கூட நசுங்கியது கிடையாது. ஓய்வு பெற்ற நாளில் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள்.

தாளில் இருந்ததை எல்லாம் அவர் வரி பிசகாமல் செய்தார். ஒன்றைத் தவிர. டிஸ்க்கைப் பிடுங்கி பீரோவில் வைப்பது அவர் மண்டையில் ஏறவில்லை. லிப்ட்டில் ஆறு கயிறு இருக்கும், ஒரு கயிறே பாரத்தைத் தாங்கும். ஆறும் அறுந்தாலும் அடியில் ஒரு காப்பு இருக்கும், பெட்டி வேகமெடுத்தால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துவிடும். அந்தக் காப்பு இருபத்து நாலு மணி நேரமும் பூட்டியே இருக்க வேண்டும். அதைக் கழற்றி பீரோவில் பத்திரமாக வைத்தேன் என்று எவனாவது சொல்லியிருந்தால், அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆபத்து சொல்லிக்கொண்டா வரும்? அவர் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டார். அரை மணிக்கு ஒரு தடவை தானாகவே காப்பி எடுக்கும்படியும் செய்துவைத்தார்.

“அந்தம்மா பிடுங்கி வைக்கச் சொல்லுச்சே” என்றாள் டீச்சர்.

“அவங்க கடையில ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா யாரும் சாகப்போறதில்ல, அதனால அவங்களுக்கு இது தெரியாது. காப்புன்னா மாட்டியே இருக்கணும்.”

“சரிங்க இஞ்சினியரே.”

பதிவு மூன்று மாதம் நடந்தது. உள் அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் துணி அடைத்து, அவள் மைக் முன்னால் உட்காருவாள். அவர் திரையைப் பார்த்து பட்டனை அழுத்துவார். ஒரு நாளைக்கு இருபது வாக்கியம். மேல்வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால் மறுபடி முதலிலிருந்து. இருவருக்கும் வேர்த்து ஊற்றும். வாக்கியங்களோ ஒன்றுக்கொன்று ஒட்டாது. ‘அந்தப் பெட்டியை மேசைமேல் வையுங்கள்.’ ‘நாளை மழை வரக்கூடும்.’ ‘தயவுசெய்து சற்று நகர்ந்து நில்லுங்கள்.’

“இதுல ஒண்ணுகூட நான் வாழ்க்கையில சொன்னதில்ல. நாப்பது எடத்துல ‘தயவுசெய்து’ன்னு வருது. இப்படிப் பேசினா எவன் பிரேக் போடுவான்?” என்பாள். அவர் சிரித்ததில் அந்த வாக்கியம் கெட்டு, மறுபடி படிக்க வேண்டியதாகும்.

ஆயிரத்தைத் தாண்டியதும் சிரிப்பு குறைந்தது. ஒரு வாக்கியத்தை நான்கு தடவை, ஐந்து தடவை படித்தாள். நடுவில் தண்ணீர் குடித்தால் புரையேறும். சில நாள் ஏழு வாக்கியத்தோடு மைக்கைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆனாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு அதே நாற்காலியில் வந்து உட்காருவாள். ஆயிரத்து அறுநூறாவது வாக்கியத்தைப் படித்து முடித்தபோது அவளுக்குத் தலை தொங்கிவிட்டது. “முடிஞ்சுது” என்றாள். அவள் தெளிவாகச் சொன்னது அதுதான் கடைசி.

புதிய சிஸ்டத்துக்கு கம்ப்யூட்டரில் மெமரி போதாது, அது வர இரண்டு வாரம் ஆகும் என்றாள் கடைக்காரப் பெண். சனிக்கிழமை அப்கிரேட் என்று நாள் குறித்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் மிச்சமிருந்த குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. கையில் ஒரு சிலேட்டு வைத்துக்கொண்டாள். வேறு ஊரில் வேலையிலிருந்த மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள், டீச்சர் சிலேட்டில் எழுத எழுத லிப்ட்காரர் படித்துச் சொல்வார். “இன்னும் ஒரு வாரம் பாப்பா, அப்புறம் அம்மாவே பேசுவா” என்றார் அவர்.

வியாழக்கிழமை பகல். டீச்சர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். சனிக்கிழமைக்கு எல்லாம் தயாரா என்று லிப்ட்காரர் சரிபார்க்க உட்கார்ந்தார். சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்தவர் முப்பத்தொரு வருஷம் லிப்ட் பார்க்க மாட்டார். இந்த மைக் புதிய சிஸ்டத்தில் வேலை செய்யுமா என்ற சந்தேகம் அவருக்கு. நெட்டில் தேடியபோது ஒரு பக்கம் திறந்தது. உங்கள் கம்ப்யூட்டர் மேம்படுத்தலுக்குத் தயாராக இல்லை, பதினான்கு குறைகள் உள்ளன, சரிசெய்ய இங்கே அழுத்தவும் என்றது. ஒவ்வொரு குறைக்கும் எண் போட்டு வரிசையாகக் காட்டியது. லிப்ட் ஆய்வு அறிக்கையும் அப்படித்தான் இருக்கும். அவருக்கு அந்த வரிசை பிடித்துப்போயிற்று. அழுத்தினார்.

ஆன்டிவைரஸ் சிவப்பாக ஒரு கட்டம் காட்டித் தடுத்தது. அந்தப் பக்கத்தில் அதற்கும் பதில் இருந்தது. வேலை நடக்கும்போது பாதுகாப்பைப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைக்கவும், முடிந்ததும் மறக்காமல் இயக்கவும். அவருக்கு இது புதிதில்லை. லிப்ட்டைப் பழுது பார்க்கும்போதும் பாதுகாப்புச் சுற்றை நிறுத்திவிட்டுத்தான் பெட்டியை ஏற்றி இறக்குவார்கள், முடிந்ததும் மறுபடி போடுவார்கள். மறக்காமல் இயக்கவும் என்று சொல்கிறானே, தொழில் தெரிந்தவன்தான் என்று நினைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து நேரம் பார்த்தார். வாசலில் ‘வேலை நடக்கிறது’ என்று பலகை மாட்டாதது ஒன்றுதான் பாக்கி.

டிஸ்க்கின் சின்ன விளக்கு விடாமல் மினுக்கியது. நன்றாகக் காப்பி எடுக்கிறது என்று அவருக்குத் திருப்தி. சரியாகப் பதினைந்தாவது நிமிடம் ஆன்டிவைரஸை மறுபடி இயக்கினார்.

பிறகு ஒரு வாக்கியத்தைக் கேட்கலாம் என்று தோன்றியது. இரண்டு வாரமாக அந்தக் குரலைக் கேட்கவில்லை, ஆசையாக இருந்தது. திறந்தார், திறக்கவில்லை. அடுத்ததைத் திறந்தார். ஆயிரத்து அறுநூறு பெயருக்குப் பின்னாலும் புரியாத ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. டிஸ்க்கைத் திறந்து பார்த்தார். அதிலும் அதே எழுத்துகள். பணம் கட்டினால் திருப்பித் தருகிறோம் என்று ஒரு கடிதம் மட்டும் ஒழுங்காகத் திறந்தது. கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தார்.

கடைக்காரப் பெண் அரை மணியில் வந்துவிட்டாள். உள் அறைக்கு வந்தவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை.

“டிஸ்க் எங்கண்ணே?”

அவர் காட்டினார். அவள் கண் டிஸ்க்கிலிருந்து வயர் வழியே போய், கம்ப்யூட்டரில் செருகியிருந்த இடத்தில் நின்றது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“பிடுங்கி வைக்கச் சொன்னேனே அண்ணே.”

“காப்பு எப்பவும் மாட்டியே இருக்கணும்னு...”

“லிப்ட்டுக்கு அது சரி. இதுல மாட்டியிருந்தா அதுவும் சேந்துதான் விழும்.”

“பணத்தக் கட்டிட்டா?”

“கட்டினவங்க நாலு பேர எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் திரும்ப வரல. இந்த வகை வைரஸ் பூட்டினது திரும்ப வராதுண்ணே. எதுக்கும் எடுத்துட்டுப் போறேன், முயற்சி பண்றேன்.”

கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனாள். டீச்சர் விழித்து, காலியான மேசையைக் காட்டிக் கண்ணால் கேட்டாள். அப்கிரேடுக்குப் போயிருக்கிறது என்றார் அவர். முப்பது வருஷத்தில் அவளிடம் அவர் பொய் சொல்லாமல் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் அவள் அடுத்த நிமிடமே பிடித்துவிடுவாள். இதை அவள் நம்பினாள். அதுதான் அவரை அறுத்தது.

திங்கட்கிழமை கடையிலிருந்து போன் வந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். சர்வருக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னவள் அவள்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்கே அனுப்பியிருந்தால் இன்றைக்கு இந்த நிலைமை உண்டா? அதையே சொல்லிவிடலாம், பாதிப் பழி இறங்கும். அப்படி நினைத்த தன்னை அவருக்கே அருவருப்பாக இருந்தது. தான் வெட்டிய குழிக்குள் அவளையும் இழுக்கப் பார்க்கிற மனுஷன் தானா என்று நொந்துகொண்டே எழுந்து உள்ளே போனார்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல்களை வெந்நீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். டைப் அடிக்க விரல் வேண்டுமே என்று தினமும் செய்கிற பயிற்சி. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்தைத் திறந்தது, ஆன்டிவைரஸை நிறுத்தியது, டிஸ்க்கைப் பிடுங்காதது. எதையும் குறைக்கவில்லை.

அவள் கத்தினாள். வயிற்றிலிருந்து வந்த சத்தம், பெரிய சத்தம். மேல்வீட்டில் நடமாட்டம் நின்றது. அவளுடைய திட்டு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம், பாதி வாக்கியத்திலேயே மீதியைச் சொல்லிவிடுவார். இது எந்தத் திட்டு என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சொல்கூடப் புரியவில்லை. பாத்திரம் உருண்டு, தண்ணீர் அவர் பாதம்வரை வந்தது. துணி எடுத்துவந்து துடைத்தார். அவள் சிலேட்டைத் தொடவில்லை. இரண்டு நாள் அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. சுத்தமாக, புதிய சிஸ்டத்தோடு, வேகமாக. அதில் முன்பே இருந்த ஒரு குரலைப் போட்டுக் காட்டினாள் கடைக்காரப் பெண். டீச்சர் ஒரு விரலால் ‘தண்ணி வேணும்’ என்று அடித்தாள். யாரோ ஒரு பெண் மிக இனிமையாகத் தண்ணீர் கேட்டாள். டீச்சர் சிலேட்டை எடுத்தாள்.

‘யாரோ ஒருத்தி நம்ம வீட்ல வந்து உக்காந்திருக்கா. வெளிய அனுப்புங்க.’

அன்று மாலை அவளே மைக் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜன்னலுக்குப் போர்வை கட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது, வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை. முதல் வாக்கியத்தைத் திரையில் கொண்டுவந்தார். அவள் படித்தாள். குரல் தெளிவாக இல்லை, மீண்டும் படிக்கவும் என்று எழுத்து வந்தது. மீண்டும் படித்தாள். மீண்டும் படிக்கவும். பதினோரு தடவை படித்தாள். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் கட்டியது. அவர் நிறுத்தக் கையை நீட்டினார், அவள் தட்டிவிட்டாள். பன்னிரண்டாவது தடவைக்கு மூச்சு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மைக்கை அவர் பக்கம் தள்ளினாள். சிலேட்டில் எழுதினாள்.

‘நீங்க படிங்க.’

“நான் எதுக்கும்மா?”

‘உங்க குரல்ல பேசிக்கறேன்.’

“வேணாம். அந்தப் பொண்ணு குரலே இருக்கட்டும். இல்லன்னா வேற எதாவது நல்ல குரலா...”

‘அவ யாரோ. நீங்க பழகின ஆள்.’ அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். கை நடுங்கியதால் எழுத்து கோணியது. ‘உங்களுக்கும் வலிக்கட்டும்.’

அவர் படித்தார். பத்தொன்பது நாள். மழை வரக்கூடும், பெட்டியை மேசைமேல் வையுங்கள், தயவுசெய்து நகர்ந்து நில்லுங்கள். இந்தத் தடவை அவள் பட்டனை அழுத்தினாள். தினம் காப்பி எடுத்ததும் டிஸ்க்கைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். இன்னொரு காப்பி கம்ப்யூட்டர் கடைக்குப் போயிற்று, இன்னொன்று ஆஸ்பத்திரி சர்வருக்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவருடைய குரலுக்கு அவ்வளவு பந்தோபஸ்து.

மகளிடம் இதை எதையும் சொல்லியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர், தாமதமாகும் என்பதோடு சரி. நானே சொல்கிறேன் என்று டீச்சர் எழுதிக் காட்டியிருந்தாள். குரல் தயாரானதும் வந்த ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, சொல்ல வேண்டியதை அடித்து வைத்தாள். பத்து மணிக்குப் போன் வந்தது. லிப்ட்காரர் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார்.

“என்னம்மா, ரெடியா?” என்றாள் மகள்.

டீச்சர் அழுத்தினாள்.

“பாப்பா, நான் அம்மா பேசறேன். நல்லா இருக்கியா?” என்றது லிப்ட்காரரின் குரல். அவர் வாய் மூடியபடி இருந்தது.

மகள் சிரித்தாள். “அப்பா, விளையாடாதீங்க. அம்மாகிட்ட குடுங்க.”

டீச்சரின் விரல் எழுத்துகளைத் தேடிப் போயிற்று. தேடி முடிக்கக் கால் நிமிடம் ஆனது.

“அம்மாதான்” என்றது அவர் குரல்.

எதிர்ப்பக்கம் சிரிப்பு நின்றது. தான் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று லிப்ட்காரருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். சொன்னால் அதுவும் இதே குரலில்தானே வரும், அவளுக்கு எது யார் என்று எப்படித் தெரியும்? மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், வளைந்த விரலால் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா” என்றாள் மகள். “அம்மா எங்கப்பா?”